பனியே இல்லை, விளக்கு எங்கே?

நம்மூரில் எஃப்.சி. என்றால் லாரிக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும்தான் வயிற்றைக் கலக்கும். சொந்தக் கார் வைத்திருப்பவர் முதல் 15 வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். இங்கிலாந்தில் கதை வேறு. காருக்கு 3 வயசு ஆனதும் வருஷா வருஷம் பரீட்சை. பெயர் எம்.ஓ.டி. மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட் என்பதன் சுருக்கம். 1960ல் ஆரம்பித்தது. அந்த இலாகாவின் பெயர் எத்தனையோ தடவை மாறிவிட்டது. பரீட்சை மட்டும் பழைய பெயரை விடுவதாக இல்லை.

உள்ளூர் காருக்கு இது வருடாந்திரத் தொல்லை. கப்பலில் வந்து இறங்கிய பழைய காருக்கோ இதுதான் நுழைவுத் தேர்வு. பாஸானால்தான் ரிஜிஸ்ட்ரேஷன். ரிஜிஸ்டர் ஆனால்தான் நம்பர் பிளேட். அது இல்லாமல் தெருவில் நிறுத்தக்கூட முடியாது.

லண்டன் வெம்ப்ளியில் இருக்கிற என் நண்பர் (சென்னையில் ஒரே ஆபீஸில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்) ஜப்பானிலிருந்து 2008 மாடல் வேன் ஒன்றைத் தருவித்தார். எட்டுப் பேர் உட்காரலாம். ஊரிலிருந்து மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம் மொத்தமும் மூன்று வாரத்தில் வருகிறது. ஸ்காட்லாந்து கூட்டிப் போவதாக மனைவி வாக்குக் கொடுத்தாயிற்று. நண்பருக்கு ஃப்ளாட் உண்டு, பார்க்கிங் கிடையாது. வேன் ஒரு யார்டில், நாள் வாடகையில்!

நல்ல வண்டியை ஜப்பான்காரர் ஏன் விற்கிறார் என்று கேட்பீர்கள். அங்கே 'ஷாகென்' என்று ஒரு சோதனை. புதுக் காருக்கு மூன்றாம் வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. கட்டாய இன்ஷூரன்ஸ், எடை வரி எல்லாம் அதோடு சேர்ந்து வந்து நிற்கும். வண்டிக்கு 13 வயசு தாண்டினால் எடை வரி இன்னும் ஏறும். 'சனியன் தொலையட்டும்' என்று ஏலத்தில் தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனிலோ 10 வயசு தாண்டிய காருக்குத் தனி அங்கீகாரத் தேர்வு வேண்டாம், எம்.ஓ.டி. போதும். ஒருவர் வீட்டுக் கிழம் இன்னொருவர் வீட்டு மாப்பிள்ளை.

முதல் சிக்கல் டெலிபோனிலேயே வந்தது. இன்ஷூரன்ஸ் பெண்மணி சேஸிஸ் நம்பர் கேட்டார். மற்ற நாட்டுக் கார்களுக்கு 17 எழுத்து. ஜப்பானுக்குள்ளேயே விற்கும் கார்களுக்கு அதைவிடச் சின்ன நம்பர்தான். "மீதி எழுத்தெல்லாம் எங்கே?" என்றார் பெண்மணி. நண்பர் அரை மணி நேரம் விளக்கினார்.

ரிஜிஸ்டர் ஆகாத வண்டியை முன்கூட்டியே நேரம் வாங்கிய டெஸ்ட்டுக்கு ஓட்டிப் போகலாம், இன்ஷூரன்ஸ் இருந்தால். வழியில் இட்லி மாவு வாங்க ஒதுங்கக் கூடாது. நண்பர் வேனைக் கிளப்பியதும் டாஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் என்னவோ சொன்னது. 'காலை வணக்கம் போலிருக்கு' என்று இவரும் பதிலுக்குத் தலையாட்டினார். டோல்கேட் கார்டு சொருகவில்லை என்று அது எச்சரிப்பதாகப் பிற்பாடுதான் தெரிந்தது. ரேடியோவில் ஒரே ஸ்டேஷன். அந்தக் காலத்து ஜப்பான் எஃப்.எம். 76ல் தொடங்கி 90ல் நின்றது, பிரிட்டனில் 87.5 முதல் 108 வரை. இடையில் சிக்குகிற பிபிசி ரேடியோ 2தான் கதி.

கராஜ் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். வேனை லிஃப்ட்டில் ஏற்றி அடியெல்லாம் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "தம்பி, வடிவான வண்டி. துரு இல்லை, பிரேக் நல்லாப் பிடிக்குது. ஆனா பாஸ் பண்ண ஏலாது" என்றார்.

"ஏன்ணே?"

"பின்னால ஃபாக் லைட் இல்லையே!"

வெளியே ஜூலை மாச வெயில். மூடுபனி இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் 1980 ஏப்ரல் 1க்குப் பிறகு சாலைக்கு வந்த காருக்குப் பின்னால் சிவப்பு ஃபாக் லைட் ஒன்று கட்டாயம். ஜப்பானில் அது கட்டாயமில்லை. பிரேக்கும் இன்ஜினும் நூற்றுக்கு நூறு, விளக்கில் முட்டை. ஜெர்மனியிலிருந்து வந்த காராக இருந்தால் வேறு தலைவலி: ஹெட்லைட் வலப்பக்கம் சாய்ந்து எதிரில் வருகிறவன் கண்ணைக் கூச வைக்கும். ஜப்பானும் நம்மைப் போல் இடதுசாரி என்பதால் அது தப்பித்தது.

வேனைக் கராஜிலேயே விட்டுச் சரி செய்தால் 10 வேலை நாளுக்குள் மறு பரீட்சை இலவசம். உச்சக் கட்டணமே 54 பவுண்டு 85 பென்ஸ்தான். ஆனாலும் இலவசம் என்றால் நமக்கு ஒரு தெம்பு! நண்பர் விளக்கு வாங்கி வந்து, கராஜ்காரரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி, தானே மாட்டினார். இடப்பக்கம்!

"தம்பி, வலப்பக்கம். இல்லாட்டி நடுவில. இது ஆகாது."

கழற்றி மாட்டினார். பாஸ்.

ஸ்பீடாமீட்டரையும் மைல் காட்டும்படி மாற்றியாக வேண்டும், அது சட்டம். நல்ல சட்டம்தான். 70 மைலில் போகும்போது முள் 112ல் நின்றால், பின் சீட்டில் இருக்கும் மாமியார் ஸ்காட்லாந்து வரை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வருவார்.

விருந்தாளிகள் வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் நம்பர் கிடைத்தது. அந்த ஊர் நம்பரிலேயே வண்டியின் வயசு தெரியும். 2008 செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரைக்கும் 58. நண்பர் பளபளவென்று பிளேட் மாட்டி, ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போய் நிறுத்தினார். மாமனார் வேனைச் சுற்றி வந்தார். பிளேட்டையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இத்தனை சம்பாதிச்சு... 58 மாடல்தான் கிடைச்சுதா?"