வாய்ப்புற்றும் கூலி நாளும்

“வாயில் புற்று வைத்துவிட்டது, இனி ஆள் தேற மாட்டான்.” அரும்பாவூர் டீக்கடையிலும், எறையூர் சர்க்கரை ஆலை வாசலிலும், பச்சைமலை அடிவார வயல் வரப்பிலும் இந்தப் பேச்சு சகஜம். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவனையும் பாதி வழியில் திருப்பிவிடுகிற பேச்சு இது. இது பொய் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 2004ம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2015ல் வெளியாயிற்று. வாயில் புண் சிறிதாக இருக்கும்போதே, கழுத்தில் நெறி கட்டுவதற்கு முன்பே வந்துவிட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வாய்க்கட்டியை அறுத்தெடுக்கும்போதே கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றப் பிரிவினருக்குக் கழுத்தை அப்போது தொடவில்லை. பின்னால் நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அவர்களில் 67.5 சதவீதம் பேரே மிஞ்சினார்கள். காலத்தில் வந்தவனுக்குங்கூட, ஒரே அறுவையை முன்னே செய்வதா பின்னே செய்வதா என்பதில் நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர் அடங்கியிருக்கிறது!

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. பதினொரு புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவான வாய்ப்புற்று நோயாளிகளில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர்தான். 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,43,000 பேருக்குப் புதிதாக இந்த வியாதி கண்டது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள். முன்னது மூன்றாண்டுக் கணக்கு, பின்னது ஐந்தாண்டுக் கணக்கு. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 80க்கும் 37க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பெரும்பகுதியைத் தோண்டியது தாமதம். நம் ஜனங்கள் பிந்தி வருகிறார்கள்.

ஏன் பிந்தி வருகிறார்கள்? ‘அறியாமை’ என்று இலாகாக்காரர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இந்த வியாதியின் ஆரம்பத்தைப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது சிவப்புத் திட்டு. மூன்று வாரமாகியும் ஆறாத ஒரு புண். காரம் பட்டால் எரிச்சல். வாய் திறப்பது குறைந்து, மூன்று விரலைச் சேர்த்து உள்ளே வைக்க முடியாத நிலை. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. வலிக்காத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க எந்த நடவுக்காரிக்கு மனம் வரும்? மருந்துக் கடையில் ‘வாய்ப்புண் மாத்திரை’ வாங்கித் தின்று மாதங்களைக் கழிக்கிறாள். காது வரை வலி ஏறி, கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் பஸ் ஏறுகிறாள். அங்கே டாக்டர் ஒரு துளி சதை கிள்ளிப் பரிசோதிக்க வேண்டும் என்றதும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று உடன் வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். சதைப் பரிசோதனையால் நோய் பரவாது. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவே வழியில்லை.

சிகிச்சை இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தாலும், நெஞ்சுச் சதையையோ கால் எலும்பையோ கொண்டு அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அதன்பின் கதிர் சிகிச்சை. நம் ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்களே, அதுதான். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், ஏறக்குறைய முப்பது தடவை. சிலருக்கு அதோடு மருந்து ஊசியும் ஏற்றுவார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் பன்னிரண்டு கட்டில்களோடு ஆரம்பமானது. கதிரையும் மருந்தையும் சேர்த்து வாய்ப்புற்றைத் தாக்கும் முறையை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970களிலேயே அங்கே சோதித்துப் பார்த்தார்கள். விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து என்பதும் இல்லை. குணமாக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டவர்களுக்கு வீட்டிலேயே விழுங்கக்கூடிய இரண்டு மலிவு மாத்திரைகள், நரம்பில் ஏற்றும் ஊசி மருந்தைவிடக் குறைவில்லாமல், சொல்லப்போனால் சற்றுக் கூடுதலாகவே ஆயுளை நீட்டின என்று டாட்டா ஆஸ்பத்திரி 2020ல் காட்டியது. பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு இந்தச் செய்தி இனிக்காது!

அப்படியானால் அரும்பாவூர்த் தொழிலாளி எங்கே தோற்கிறான்? அந்த ஆறு வாரத்தில்தான்.

அறுவை முடிந்து சுமார் ஆறு வாரத்துக்குள் கதிர் தொடங்க வேண்டும். தொடங்கினால் நடுவில் நிற்கக் கூடாது. இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்று அணுக்கள் மறுபடி பெருகும். நாம் அறிந்த ஒரு விவசாயத் தொழிலாளி மூன்றாவது வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார். சின்ன வெங்காய அறுவடை தொடங்கியிருந்தது. வாங்கிய முன்பணத்துக்கு வேலை செய்தாக வேண்டும். துணைக்குப் போன மனைவிக்கும் கூலி போயிற்று. பிள்ளைகள் பக்கத்து வீட்டுச் சோற்றில் இருந்தன. அவர் மீண்டும் போனபோது கட்டியும் மீண்டும் வந்திருந்தது. அவருக்கா அறியாமை? எத்தனை தடவை கரண்ட் வைத்தார்கள், எத்தனை பாக்கி என்பதை அவர் விரல் விட்டுச் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக் கூலி 336 ரூபாய். முப்பது நாள் கதிர் என்றால் நோயாளிக்கு 10,080 ரூபாய் நஷ்டம். துணைக்கு ஓர் ஆள் போனால் 20,160. சாப்பாடும் பஸ் சார்ஜும் அறை வாடகையும் தனி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு உண்டு. நல்லது, அதைப் போராடிப் பெற்ற உரிமையாகவே பயன்படுத்துவோம். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கட்டும். அடுப்பு எரிய வழி செய்யாது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் புற்றுநோய்க்காரருக்கு உதவித்தொகைக்கு இடம் உண்டு என்றாலும், அது இழந்த கூலியை ஈடு செய்யும் தொகையல்ல. ரயிலில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரும்பாவூரிலும் பெரம்பலூரிலும் ரயில் நிலையந்தான் இல்லை! 2025 வரை இம்மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வரவில்லை. அரியலூருக்கு 2022ல் வந்தது. திருச்சி, தஞ்சை, அடையாறு என்று அலைவதுதான் நம் ஊர்க்காரன் தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

ஆலைத் தொழிலாளிக்கு வேறு வழி திறந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்து, உரிய காலம் சந்தா கட்டியவருக்குப் புற்றுநோய் கண்டால், கூலியில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்கும். இதைத் தொழிலாளி வர்க்கம் வாதாடிப் பெற்றது. அவன் கதிர் சிகிச்சையைப் பாதியில் விட வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை ஆலையைப் ‘பருவகால ஆலை’ என்று சொல்லி 1948ம் வருஷத்துச் சட்டம் வெளியே நிறுத்தியது. 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பருவகால ஆலைகளைச் சேர்க்கவில்லை. கரும்பு அரைப்பதற்குப் பருவம் உண்டு. புற்றுக்குப் பருவம் உண்டா? காண்ட்ராக்டரிடம் பெயர் பதியாமல் மாரடிக்கிறவனுக்கோ எந்த ஆலையிலும் கதவு சாத்தியிருக்கிறது.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பசியை அமுக்கவும், ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்டவும் உழைப்பாளி அதை வாயில் அடக்குகிறான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பழக்கம் அந்தஸ்து பார்ப்பதுமில்லை. புகையிலை போடும் வழக்கமுள்ள அண்ணாதுரை முதலமைச்சராக இருக்கும்போது உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஆளானார். 1968ல் நியூயார்க்கில் அறுவை செய்தும் 1969 பிப்ரவரியில் காலமானார். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் பெயரில்தான் இருக்கிறது. வெறும் பாக்கு கெடுதலில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ல் உறுதி செய்து வெளியிட்டது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013ல் தடை போட்டார்கள். முதலாளிகள் பாக்குப் பொட்டலம் ஒன்று, புகையிலைப் பொட்டலம் ஒன்று என்று பிரித்து விற்றார்கள். தடையை மீறி விற்க லஞ்சம் கைமாறியது என்ற வழக்கை 2018ல் ஹைகோர்ட் சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்கும் அளவுக்குப் போயிற்று. பெட்டிக்கடைக்காரனைப் பிடிக்கும் போலீசுக்கு, உற்பத்தி செய்கிறவன் விலாசம் மட்டும் தெரிவதில்லை!

முன்கூட்டிக் கண்டுபிடிக்க மாளிகை ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ல் தொடங்கி, பதின்மூன்று பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரி ஊழியர்கள். வெளிச்சமும் கண்ணுந்தான் கருவி. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005ல் முடிவு வெளியாயிற்று. சோஷலிஸ கியூபாவும் 1980களில் பல் டாக்டர்களைக் கொண்டு நாடு முழுவதும் வாய் பார்த்தது. ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்டவர்கள் கால்பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தார்கள். ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேரவில்லை. சாவுக் கணக்கும் இறங்கவில்லை. நமக்கு வேண்டிய நாடு என்பதால் இதை மறைக்கமாட்டோம். வாயைப் பார்ப்பதோடு, பார்த்தவனைச் சிகிச்சை முடியும் வரை கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஏற்பாடு வேண்டும்.

தமிழ்நாடு சர்க்கார் 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையை ஆரம்பித்தது. மாநிலம் முழுவதும் விரிப்பதாக 2025ல் அறிவித்தது. வரவேற்கிறோம். பெரம்பலூரில் அது காலை பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்காமல், வேலைத் தலத்துக்கு வரட்டும். கதிர் முடியும் வரை நோயாளிக்கும் துணைக்கும் அன்றாடக் கூலியைச் சர்க்கார் கொடுக்கட்டும். சர்க்கரை ஆலைகளை ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரட்டும்.

சங்கக் கிளைகள் இதற்காக மகஜர் கொடுப்பதோடு நிற்க வேண்டாம். மாதக் கூட்டத்தில் டார்ச் விளக்கடித்து ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். ஆறாத புண் உள்ளவரை அந்த வாரத்திலேயே, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழரோடு பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ரேஷன் கார்டும், ஆதாரும், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். அவற்றைத் தேடி ஊருக்குத் திரும்புவதில் இன்னொரு வாரம் போய்விடும்.