ஒன்பதே முக்கால் கோடியும் ஒரு கோடியும்

2024 நவம்பர் 24ஆம் தேதி ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரவிச்சந்திரன் அஸ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப எடுத்தபோது, கோவையில் பட்டாசு வெடிக்காத குறைதான். அஸ்வினுக்கு அப்போது வயது 38. அதே நாளில் டெல்லி கேப்பிடல்ஸ் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தது. அவருக்கு 33. சுழலர் வேறு, வேகப்பந்து வீச்சாளர் வேறு. முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வேகப்பந்து வீச்சாளருக்கு 33 என்பதும் கொஞ்சம் மூத்த வயதுதான்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 சீசனில் அஸ்வின் ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட் எடுத்தார், ஓவருக்கு ஒன்பது ரன்னுக்கு மேல் கொடுத்தார். சென்னை, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. நடராஜன் ஆடியது இரண்டே ஆட்டம். ஆகஸ்ட் 27ஆம் தேதி அஸ்வின் ஐபிஎல்லுக்கும் விடை கொடுத்தார். சர்வதேச கிரிக்கெட்டை 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே பிரிஸ்பேனில் முடித்திருந்தார். ஐபிஎல்லுக்கு விடை கொடுத்த அந்த ஆகஸ்ட் மாலை எங்கள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "வயசானவங்களுக்குக் காசைக் கொட்டுனா இப்படித்தானுங்ணா ஆகும். அந்தக் காசுக்கு நாலு பசங்கள எடுத்திருக்கலாம்."

தீர்ப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கொட்டிய காசு அதிகம். ஆனால் வயதின் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சென்னை அணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 18 கோடிக்குத் தக்கவைத்த ஜடேஜா இருக்கிறார். 10 கோடிக்கு எடுத்த நூர் அகமது இருக்கிறார். அவர் அந்த சீசனில் 24 விக்கெட் எடுத்தார். நடு ஓவர்கள் இவர்கள் இரண்டு பேருக்கும் போய்விட்டால் மூன்றாவது சுழலருக்கு மிஞ்சுவது பவர்பிளே. உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்களை வைத்துக்கொண்டு ஆஃப் ஸ்பின் போடச் சொன்னால் இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் அடி விழும். சேப்பாக்கம் ஆடுகளமாவது கை கொடுத்ததா? 2008க்குப் பிறகு முதல்முறையாகப் பெங்களூரு அங்கே வந்து ஜெயித்துவிட்டுப் போனது அந்த ஆண்டுதான். ஆக, ஏலம் எடுத்தவர்கள் அஸ்வினை எடுத்தார்கள். அவருக்கு என்ன வேலை என்பதை எடுத்த பிறகுதான் யோசித்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

சந்தேகம் இருந்தால் அதே ஆண்டு டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பாருங்கள். ஐபிஎல் முடிந்து சில வாரங்கள்தான். ஜூலை முதல் வாரம் நத்தத்தில் திருச்சியோடு எலிமினேட்டர். திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 48 பந்தில் 83 அடித்தார். அதே தோள், அதே முட்டி. அங்கே எந்த ஓவரைத் தான் போடுவது என்று முடிவு செய்தவரும் அவரே. எதிரணியின் தரம் வேறு என்று சொல்வீர்கள். உண்மைதான். நான் சொல்ல வருவதும் அதைத்தான்: எந்த மேடையில், எந்த வேலைக்கு என்று பார்க்காமல் "வயதானவரை எடுக்கலாமா, கூடாதா" என்று கேட்டால் பதிலே கிடையாது.

(கோவைக்காரர்களுக்கு அஸ்வினோடு பழைய பாக்கி வேறு இருக்கிறது. 2022இல் சேப்பாக்கத்தோடு கோப்பையைப் பகிர்ந்து, 2023இல் தனியாக வென்று, 2024இல் மூன்றாவதையும் தூக்கப் போகிறோம் என்று லைகா கோவை கிங்ஸை நம்பியிருந்தோம். இறுதியாட்டத்தில் ஒரு அரைசதம் அடித்துத் திண்டுக்கல்லுக்குக் கோப்பையைக் கொண்டுபோனவர் இவர்தான். அடுத்த ஆண்டு ஜூன் 8ஆம் தேதி நம் எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்தில் திருப்பூருக்கு எதிராக எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டதும் நடுவரோடு வாதாடி, பேடில் மட்டையால் அடித்து, ஆட்ட ஊதியத்தில் 30 சதவீதம் அபராதமும் கட்டினார். வயது நிதானத்தைக் கொடுக்கும் என்பவர்கள் அன்று கேலரியில் இல்லை போலும்.)

இப்போது விலைக்கு வருவோம். இதே சென்னை அணி 2018 ஏலத்தில் இம்ரான் தாஹிரை ஒரு கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு, நாற்பது வயதில், அவர் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டார். 2023இல் குஜராத் மோஹித் சர்மாவை 50 லட்சத்துக்கு எடுத்தது. முந்தைய ஆண்டு அதே அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டுக்கொண்டிருந்தவர் அவர். 34 வயதில் 27 விக்கெட். அதே 2023இல் மும்பைக்குப் பியூஷ் சாவ்லா, அவரும் 50 லட்சம்தான், 22 விக்கெட். ஐம்பது லட்சத்துக்கு வந்து ஒன்றும் செய்யாமல் போன மூத்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறக்க முடிவதே அந்த விலையின் வசதி. இரண்டு ஆட்டம் சரியில்லை என்றால் உட்கார வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பத்துக் கோடிக்காரரை உட்கார வைத்தால் ஊரே கேட்கும். ஆட வைத்தால் ஸ்கோர்போர்டு கேட்கும்.

நம்ம ஊர் தொழிற்சாலைகளில் இந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துபோன ஒன்று. ஓய்வு பெற்ற பழைய பிட்டரை எந்த முதலாளியும் முழுச் சம்பளத்தில், மூன்று ஷிப்டுக்கும் வரச் சொல்வதில்லை. "வாரம் ரெண்டு நாள் வந்து மெசினுக்குக் காது கொடுங்க, போதும்" என்பார்கள். பேரிங் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். மூட்டை தூக்க வேறு ஆள் இருக்கிறான்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதைதான். 2012 ஏப்ரலில் கொலராடோ ராக்கீஸ் அணிக்காக ஜேமி மோயர் என்பவர் 49 வயதில் பந்து வீசி ஜெயித்தார். அங்கே ஒரு ஆட்டத்தை வென்ற பந்துவீச்சாளர்களிலேயே மூத்தவர் அவர்தான். முழங்கை அறுவைச் சிகிச்சையால் முந்தைய ஆண்டு முழுக்க ஆடவில்லை. வேகம் என்று அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை, மெதுவான பந்தை எங்கே வைப்பது என்பதுதான் அவர் சொத்து. அணி அவரைப் பெரிய ஒப்பந்தத்தில் எடுக்கவும் இல்லை. அடி விழத் தொடங்கியதும் கோடைக்குள்ளேயே விடுவித்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு சாதனையும் மிச்சம்.

மூத்த பந்துவீச்சாளரிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் காற்றைச் சொல்வேன். கோவையில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். டிஎன்பிஎல் நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தூக்கிப் போட்ட பந்து ஒரு முனையிலிருந்து மிதந்து விலகும். இன்னொரு முனையிலிருந்து போட்டால் மட்டையாளனின் சிக்சருக்குத் துணை போகும். இதைக் கணினியில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. நான் பார்த்தவர்கள் எல்லாம் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள்.

போன வருடம் ஒரு கல்லூரி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைச் சுழலர் ஒருவர், நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். ஆள்காட்டி விரலில் வெள்ளை டேப், இடது முட்டியில் பட்டை. டாஸ் போட்டதிலிருந்து அவர் ஒரே ஒரு வேலைதான் செய்தார்: மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் பையன், இருபத்திரண்டு இருக்கும், "அண்ணா, எந்தப் பக்கம்?" என்றான். அவர் வாயைத் திறக்காமல் பெவிலியன் முனையைக் காட்டினார். ஆறு அடி நடை, ஒரு திருப்பு. எட்டு ஓவரைத் தொடர்ந்து போட்டார். லாங் ஆனில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போன இருவரும் பந்தைச் சரியாக அடித்ததாகவே நினைத்திருப்பார்கள். பந்து எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் காற்றில் நின்று இறங்கியது.

ஃபீல்டிங் வேறு கதை. ஷார்ட் ஃபைன் லெக்கில் ஒளிந்துகொண்டார். ஒரு பந்து காலுக்கிடையில் போய் நாலு ரன். ஆட்டம் முடிந்து அருகில் போய்ப் பேசினேன். "போடறதுக்கு இன்னும் பத்து வருசம் தெம்பு இருக்குதுங்க. குனியறதுக்குத்தான் இல்ல" என்றார். அணித் தேர்வுக் கூட்டங்களில் கேட்கும் பேச்சை விட இந்த ஒரு வரியில் தகவல் அதிகம். எட்டு ஓவரில் அவர் மிச்சப்படுத்தும் ரன், குனிய முடியாமல் விடும் ரன்னை விட அதிகமா? பேனாவும் தாளும் இருந்தால் அரை மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பெரும்பாலான அணிகள் போடுவதில்லை.

ஐபிஎல்லில் 2023இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபோது மூத்த பந்துவீச்சாளர்களுக்கு நல்ல காலம் என்று எழுதினார்கள். மட்டை பிடிக்கத் தெரியாதவரைப் பந்துவீச மட்டும் கொண்டுவரலாமே என்று. ஆனால் பந்துவீச வருகிறவர் இருபது ஓவர் ஃபீல்டிங்கும் நிற்க வேண்டும். மறுபக்கம், எதிரணியில் எட்டாவது ஆள் வரை அடிக்கிறவர்களாக வந்து நிற்கிறார்கள். கூட்டிக் கழித்தால் லாபமில்லை என்றே நினைக்கிறேன்.

மூத்தவரை எடுப்பதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி சொல்வார்கள். ஒன்று, "பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாரு." சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் பயிற்சியாளராக எடுங்கள், ஒரு ஆட்டக்காரர் இடத்தை ஏன் அடைக்க வேண்டும்? இன்னொன்று, "கூட்டம் வரும்." இதை நான் கேலி செய்ய மாட்டேன். அஸ்வின் வருகிறார் என்றால் டிஎன்பிஎல் கேலரி நிறைந்தது, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தொகையை விளம்பரக் கணக்கில் எழுத வேண்டும். பந்துவீச்சுக் கணக்கில் எழுதினால் பேலன்ஸ் ஷீட் பொய் சொல்லும்.

நடராஜனைப் பற்றிப் பேசாமல் முடிக்க மனம் வரவில்லை. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே சுற்றில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். சொந்த ஊரில் மைதானம் கட்டிக் கொடுத்தவர். 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு 19 விக்கெட். அதில் ஒரு நாள் டெல்லிக்கு எதிராக யார்க்கர்களும் போட்டு நான்கு விக்கெட். அதைப் பார்த்துத்தான் டெல்லி அவ்வளவு விலை கொடுத்திருக்கும். யார்க்கர் என்பது முன்காலை ஓங்கி ஊன்றிப் போடும் பந்து. உடம்பின் எடை பல மடங்காகி அந்த முட்டியில் இறங்கும். முட்டி ஒருமுறை கத்தியைப் பார்த்துவிட்ட பிறகு, எத்தனை யார்க்கர் மிச்சம் இருக்கிறது என்பது இயன்முறை மருத்துவருக்குத்தான் தெரியும், ஏலக்காரருக்குத் தெரியாது. 2025இல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற திருப்பூர் தமிழன்ஸில் அவர் இருந்தார். அங்கே சாய் கிஷோர் கேப்டன், சுழலும் உண்டு, வேகமும் உண்டு, மொத்தச் சுமையும் ஒருவர் தலையில் இல்லை.

கோவை கிங்ஸோ சேலமோ திருப்பூரோ, முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவரை எடுப்பதா என்று என்னைக் கேட்டால், எடுங்கள் என்பேன். எந்த நான்கு ஓவர் அவருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேப்டன் எழுதிக் கொடுக்கட்டும். ஏலத்தில் அடிப்படை விலையைத் தாண்டி இரண்டு முறைக்கு மேல் கை தூக்காதீர்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் காலை, எந்த அறிவிப்பும் இல்லாமல், அவரை டீப் மிட்விக்கெட்டில் நிறுத்தி இருபது பந்து பொறுக்கி எறியச் சொல்லுங்கள். அதை வீடியோ எடுக்க வேண்டாம். பிசியோ பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.