முகப்பூச்சும் முயலின் கண்ணும்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். மூத்த மகளுக்குக் கோவிலில் மூன்று ஓலைகளும் வாசித்தாயிற்று. புடவையும் நகையும் எடுத்தாயிற்று. அவ்வேளையில் மணமகனின் அத்தை, முகப்பூச்சு, உதட்டுச் சாயம், கண் மை ஆகியவை அடங்கிய ஓர் அழகிய பெட்டியை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தார். மகளோ அதைத் தொட மறுத்துவிட்டாள். "இவற்றைச் சோதிப்பதற்காக எந்த முயலின் கண்ணைப் புண்ணாக்கினார்களோ! அதை அறியாமல் நான் பூசிக்கொள்ள மாட்டேன்" என்றாளாம். "ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சமைக்கும் வீட்டில் முயலுக்காக அழுகையா?" என்று தாய் கேட்டுவிட்டார். மகள் மறுமொழி கூறாது எழுந்து சென்றாள். மூன்று நாளாக இருவருக்குமிடையே சரியான பேச்சில்லை. "பெட்டியின் மேல் முயல் படம் போட்டு, துன்புறுத்தாமல் செய்தது என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் அவள் நம்பவில்லை. உண்மையை அறிவது எப்படி? எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?" என்று வினவுகிறார் அத்தாய்.

முதலில் இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிய பெண்களுள் சிலர் பார்வை இழந்தனர். ஒருவர் உயிரும் இழந்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1938-இல் ஒப்பனைப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே பிறந்தது. 1944-இல் அந்நாட்டு அரசின் நச்சியல் அறிஞர் ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை வகுத்தார். வெண்ணிற முயலை அசையவொட்டாமல் பிடித்து, அதன் ஒரு கண்ணில் சோதனைப் பொருளை இடுவார்கள். மறு கண்ணை ஒப்பீட்டிற்காக விட்டுவைப்பார்கள். சிவத்தல், வீக்கம், புண் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துக்கொள்வார்கள். முயலின் கண் பெரியது; அதில் கண்ணீரும் குறைவாகவே சுரக்கும். இட்ட பொருளைக் கழுவித் தள்ள அதனால் இயலாது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

ஆக, பெண்களின் கண்களைக் காக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்திலேயே இது தொடங்கியது. ஆனால் ஆபத்து எது என்று ஓரளவு தெரிந்துவிட்ட பின்னரும், புதுப் புதுப் பூச்சுகளுக்காக முயல்கள் தொடர்ந்து வதைபட்டன. 1980-இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குவீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தை நேராகவே கேட்டார். அந்நிறுவனம் மாற்று முறைகளைக் கண்டறியும் ஆய்வுக்கு 7,50,000 டாலர் அளிக்க முன்வந்தது. பிற நிறுவனங்களும் பொருளுதவி செய்யத் தொடங்கின.

இன்று ஆய்வகத்தில் மனித உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த தோலின் மீது பொருள்களைச் சோதிக்கிறார்கள். உணவுக்காக வெட்டப்பட்ட மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த விழிப்படலத்தில் சோதிக்கும் முறையும் 2009-இல் பன்னாட்டு ஏற்புப் பெற்றது. அதற்கென எந்த உயிரும் புதிதாகத் துன்புற வேண்டியதில்லை.

சட்டங்களும் மாறியுள்ளன. விலங்குகள் மீது சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் முற்றிலும் தடை செய்தது. நம் இந்திய நாட்டில் 2014 மே மாதத்தில் இச்சோதனை தடுக்கப்பட்டது. அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு நவம்பரில் தடை வந்தது.

அப்படியானால் நம் கடைகளில் உள்ள எல்லாமே குற்றமற்றவைதாமே என்று கேட்கலாம். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நம் சட்டம் நம் எல்லையைக் காக்கிறது. அதே நிறுவனம் வேறு நாட்டில் தன் பொருளை விற்பதற்காக என்ன செய்கிறது என்பது வேறு செய்தி. எடுத்துக்காட்டாக, சீன நாட்டில் இறக்குமதியாகும் ஒப்பனைப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2021 மே முதல் நாள் தொட்டு, உரிய சான்றுகள் தரும் சாதாரணப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. தலைச்சாயம், வெயில் தடுப்புக் களிம்பு, நிறம் வெளுக்கும் களிம்பு போன்றவற்றிற்கு அந்த விலக்கு அளிக்கப்படவில்லை.

இனி, பெட்டியின் மேலுள்ள சொல்லுக்கு வருவோம். 'குரூயல்டி ஃப்ரீ' என்னும் சொற்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறை கிடையாது. "செய்து முடித்த பூச்சை நாங்கள் சோதிக்கவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனுள் சேர்த்த மூலப்பொருளை, விற்றவர் சோதித்திருக்கலாம்; அல்லது கூலிக்கு வேறோர் ஆய்வகம் சோதித்திருக்கலாம். முயல் படத்தையும் யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ள முடியும். அம்மகளின் ஐயம் வீண் ஐயம் அன்று.

பச்சைப் புள்ளியைக் கண்டு ஏமாறுவோரும் உண்டு. அது பொருளில் சேர்ந்துள்ளவற்றைப் பற்றியது. சோதனையைப் பற்றியது அன்று. இரண்டும் வெவ்வேறு. சில உதட்டுச் சாயங்களின் சிவப்பு நிறம் 'கார்மைன்' என்பது. ஒருவகைப் பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுப்பது. சில களிம்புகளிலுள்ள 'லனோலின்' ஆட்டு உரோமத்தின் கொழுப்பு. இவை சேர்ந்த பொருள் சோதனைக் கொடுமை இல்லாததாக இருக்கலாம். இவை சேராத பொருள் சோதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

நம்பத் தகுந்த சான்றுகளும் இல்லாமல் இல்லை. அமெரிக்க, கனடிய விலங்கு நலச் சங்கங்கள் சில ஒன்றுகூடி 1996-இல் 'லீப்பிங் பன்னி' என்னும் துள்ளும் முயல் முத்திரையை ஏற்படுத்தின. அதைப் பெற விரும்பும் நிறுவனம் ஒரு நாளைக் குறித்து, அதன் பிறகு தானும் தனக்கு மூலப்பொருள் விற்பவர்களும் விலங்குச் சோதனை செய்வதில்லை என்று உறுதி கூற வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். வெளியார் வந்து கணக்கைத் தணிக்கை செய்யவும் இசைய வேண்டும். ஜல்லிக்கட்டு வழக்கினால் தமிழர் நன்கறிந்த 'பீட்டா' அமைப்பும், நிறுவனத்தார் எழுதித் தரும் உறுதிமொழியைக் கொண்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சான்று வழங்குவோர் யார், எதைச் சோதித்து வழங்கினர் என்று அறிந்த பின்னரே ஒரு முத்திரைக்கு மதிப்புத் தருவது நன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பாடி ஷாப்' என்னும் நிறுவனம் 1976-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் சிறு கடையாகத் தொடங்கி, விலங்குச் சோதனையை எதிர்த்தே பெயர் பெற்றது. 2006-இல் அதை 'லோரியல்' என்னும் பெருநிறுவனம் விலைக்கு வாங்கியபோது பழைய வாடிக்கையாளர் பலர் மனம் வருந்தினர். மகள் நிறுவனத்தை மட்டும் பார்ப்பதா, தாய் நிறுவனத்தையும் சேர்த்துப் பார்ப்பதா என்பது அவரவர் மனச்சான்று முடிவு செய்ய வேண்டியது. ஆனால் உரிமை கைமாறும் என்பதை மறவாமல், பழைய பட்டியலை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

ஆகவே ஐயம் எழும்போது நிறுவனத்திற்கே ஒரு கடிதம் எழுதிவிடுவது சிறந்த வழி. கேட்க வேண்டியவை நான்கு. முடிந்த பொருளையோ மூலப்பொருளையோ நீங்கள் விலங்குகள் மீது சோதிக்கிறீர்களா? உங்களுக்காக வேறு எவரேனும் சோதிக்கிறார்களா? மூலப்பொருள் விற்பவர்களிடம் எழுத்து வடிவில் உறுதி பெற்றிருக்கிறீர்களா? சட்டம் கேட்கிறது என்று எந்த நாட்டிலேனும் சோதனைக்கு இசைகிறீர்களா? நான்கிற்கும் நேரான விடை வந்தால் நன்று. "சட்டம் கோரினாலன்றி நாங்கள் சோதிப்பதில்லை" என்று வந்தால், எங்கோ ஒரு நாட்டில் சட்டம் கோருகிறது, இவர்களும் இசைகிறார்கள் என்று கொள்ளலாம்.

இனித் தாயின் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இறைச்சி உண்போர் இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது சற்றே தலை குனிந்துதான் பேச வேண்டும். எனினும் ஆட்டை அறுப்பவரும் கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்கிறார். அதன் வேதனை நீளலாகாது என்பது அவருக்கும் தெரியும். முயலின் வேதனையோ நாள்கணக்கில் நீண்டது. அதுவும் உணவுக்காக அன்று, இன்னொரு நிறச் சாயத்திற்காக. ஒரு துன்பத்தை நம்மால் விலக்க முடியவில்லை என்பதற்காக, விலக்கக்கூடிய இன்னொன்றையும் விட்டுவிடலாகாது. ஆகையால் மகள் பக்கமே நாம் சாய்கிறோம்.

ஆனால் மகளுக்கும் ஒரு சொல். அந்தப் பெட்டியை வீசி எறிவதால் எந்த முயலும் கண் பெறப்போவதில்லை. அதைத் தந்த அத்தை, வருங்காலப் புகுந்த வீட்டின் அன்பைச் சுமந்து வந்தவர். அவர் அறிந்து செய்த பிழை எதுவுமில்லை. பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதன் அடியில் அச்சிட்டுள்ள முகவரிக்கு அந்த நான்கு கேள்விகளையும் எழுதுக. எழுதும்போது அம்மாவையும் அருகில் உட்கார்த்திக்கொள்க. விடை வரச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கு வேறு எத்தனையோ இருக்கும். திருமண வீடு அன்றோ!