ராமேஸ்வரத்து ரத்தமும் ஒளிரும் கொழுப்பும்

மலேரியா நோயாளியின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினால் போதும், மிச்ச ஆராய்ச்சியை அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறவர்கள் நிறைய. மரபணு பார்க்கவென்றால் சரி. கொழுப்பு பார்க்க முடியாது.

மலேரியாக் கிருமி தன் புரதங்கள் பலவற்றில் கொழுப்பு அமிலத்தை ஒட்டிவைக்கிறது. பால்மிட்டிக், மிரிஸ்டிக் இரண்டும் முக்கியம். அந்த வால் இருந்தால்தான் புரதம் சவ்வில் போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் கதிரியக்க ட்ரிஷியம் சேர்த்த கொழுப்பை ஊட்டிவிட்டு, ஃபிலிமில் பட்டை விழ வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது அல்கைன் என்ற சின்னக் கொக்கி மாட்டிய கொழுப்பைக் கொடுக்கிறார்கள். கிருமி ஏமாந்து விழுங்கிப் புரதத்தில் ஒட்டிவிடும். செல்லை உடைத்து, அசைடு மாட்டிய ஒளிர்சாயமும் கொஞ்சம் தாமிரமும் சேர்த்தால் 'கிளிக்'! ஜெல்லில் ஓட்டினால் கொழுப்பு ஒட்டிய புரதங்கள் மட்டும் பட்டை பட்டையாக ஒளிரும். (2022 வேதியியல் நோபல் இந்தக் கிளிக் வேதியியலுக்குத்தான்.) ஹைட்ராக்சிலமீன் ஊற்றினால் பால்மிட்டிக் பட்டை மங்கும், மிரிஸ்டிக் நிற்கும்.

ஆனால் ஊட்டும்போது கிருமி உயிரோடு இருக்க வேண்டும். செத்தது சாப்பிடாது!

2012இல் இதே வித்தையில் 400க்கும் மேற்பட்ட புரதங்கள் சிக்கின. மிரிஸ்டிக் ஒட்டும் நொதியைத் தடுத்தால் கிருமி சாகும் என்று 2014இல் காட்டினார்கள். இரண்டிலும் மையம் ஃபால்சிபாரம் கிருமிதான். அது 1976 முதல் குடுவையில் வளர்கிறது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுவைத் தவிர வேறெதையும் தொடாது. இன்றுவரை அதைக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கி, கடலுக்குப் போனவனைத் திரும்பக் காய்ச்சலில் தள்ளுவதும் இதுதான். ராமேஸ்வரம் தீவின் மலேரியாவைப் புதுச்சேரி கொசு ஆய்வு மையம் 1980களிலேயே ஆராய்ந்து, பரப்புவது எந்தக் கொசு என்றுகூடச் சொல்லிவிட்டது. கிருமியின் கொழுப்பு மட்டும் யாருக்கும் வேண்டாம் போல.

"நோய்தான் குறைந்துவிட்டதே" என்பார்கள். குறைந்ததால்தான் கிடைக்கிற ஒவ்வொரு குப்பியும் அருமை. நோயாளியிடம் எடுத்த வைவாக்ஸ் ஒன்றிரண்டு நாள் தாங்கும். அதற்குள் வெள்ளையணுக்களை வடிகட்டி (விட்டால் அதுவும் கொழுப்பைத் தின்று ஒளிரும், குழப்பம்!), கொக்கிக் கொழுப்பை ஊட்டி, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்தாக வேண்டும். தங்கச்சிமடத்தில் எடுத்த ரத்தத்துக்கு அதைச் சென்னையில் செய்வதாகச் சொல்வது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கும்.

ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று. அங்கே கேட்பது ஒரு அறை, வடிகட்டி, இன்குபேட்டர், ஆழ்உறைப் பெட்டி. கோடிக்கணக்கில் ஆகாது. விலையுயர்ந்த ஸ்கேனர் சென்னையிலேயே இருக்கட்டும். ஊட்டி உறையவைத்த குழாய்கள் உலர் பனியில் சேது எக்ஸ்பிரஸ் ஏறிப் போகட்டும்.