அம்பு வாங்கித் தரும் அண்ணன்களுக்கு

"அண்ணே, ஆன்லைன்ல வில்லு அம்பு வாங்கிக் குடுண்ணே, கம்மாய்க்குள்ள முயல் அடிக்கலாம்." லீவுக்குத் திருச்சுழி போனா, எட்டாவது படிக்கிற தம்பி இப்படிக் கேட்பான். ஆர்டர் போடுவீங்களா மக்களே?

21 வயது ஆகாதவருக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ விற்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 9. அந்தப் பிரிவில் அம்பு இல்லை. பிரிட்டனில் 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குக் குறுக்குவில் விற்றாலே குற்றம். இங்கேயும் வேட்டை அம்புக்கு வயது வரம்பு வேணும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் முயற்சி செய்தாலே வேட்டைதான். மயிலுக்கு விட்ட அம்பு குறி தப்பினாலும் மாட்டுவது தம்பி. வில்வித்தை ஆசைன்னா பயிற்சியாளரிடம் சேர்த்துவிடுங்க. வரம்பு வர்ற வரைக்கும் 'வேணாம்டா'ன்னு சொல்ல வேண்டியது நாமதான்.