அளந்தால் பசி தீராது

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா நகரை ஒட்டியுள்ள சாந்த்ராகாச்சியை வங்கம் முழுவதும் அறியும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரி அங்கு இருக்கிறது. பறவைகள் வரும் முன் ஆகாயத்தாமரை அகற்றப்படுகிறது. வந்த பறவைகள் ஆண்டுதோறும் எண்ணப்படுகின்றன. இது நல்ல காரியமே. அதே ஊரின் ரயில் சந்திப்பிலிருந்து சென்னைக்கு ரயில்கள் புறப்படுகின்றன. கட்டுமானப் பணிகளுக்கும் ஆலைகளுக்கும் தெற்கே வரும் வங்கத்து உழைப்பாளிகள் அவற்றில் பயணம் செய்கிறார்கள். அவர்களில் பலர் குழந்தைகளை ஊரில் விட்டு வருகிறார்கள். சிலர் இடுப்பில் சுமந்து வருகிறார்கள். அந்தக் குழந்தைகளும் எண்ணப்படுகிறார்கள். எடை பார்க்கப்படுகிறது, உயரம் அளக்கப்படுகிறது, விவரம் செயலியில் ஏற்றப்படுகிறது. ஆனால் அளவெடுத்த பிறகு குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்ற கேள்விக்கு மட்டும் ஆட்சியாளர்களிடம் பதில் இல்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 33.8 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 20.3 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். ரத்தசோகையுள்ள குழந்தைகளின் விகிதம், முந்தைய ஆய்வில் 54.2 சதவீதமாக இருந்தது, 69 சதவீதமாக ஏறியது. தமிழகம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இடமில்லை. இங்கும் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரத்தை எட்டவில்லை, ரத்தசோகை 50.7 சதவீதத்திலிருந்து 57.4 சதவீதமாக உயர்ந்தது.

இந்த நிலைக்கு ஒன்றிய ஆட்சியாளர்கள் காட்டிய எதிர்வினை என்ன? அடுத்த தேசிய ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையே நீக்கப்பட்டது. ஆய்வை நடத்தும் மும்பை நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ். ஜேம்ஸ் 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டார். பரிசோதனை முறையில் குறை, நியமனத்தில் முறைகேடு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அரசின் முகத்திரையைக் கிழிக்கும் அளவு ஓரங்கட்டப்படுகிறது. ஏழைத் தாயைச் சந்தேகிக்கும் அளவு கட்டாயமாக்கப்படுகிறது. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற முகப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது இந்தப் போக்கின் உச்சம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியது. தாயின் முகம் கேமராவில் பொருந்த வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

எட்டு ரூபாய்க் கணக்கு

சட்டப்படி மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான சமைத்த உணவும் உண்டு. நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். இதற்காக 2017இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை குழந்தை ஒன்றுக்கு 8 ரூபாய். கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். இந்தச் செலவில் ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. அதாவது, உலகின் பெரும் பொருளாதாரங்களில் ஒன்று என்று மார்தட்டும் மோடி அரசு, ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தரும் பங்கு 4 ரூபாய். பருப்பு, எண்ணெய், காய்கறி, எரிவாயு என எல்லாவற்றின் விலையும் ஏறிய ஏழாண்டுகளில் இந்தத் தொகை ஒரு பைசா உயரவில்லை. தொகை உயர்த்தப்படும் என்று 2025 பட்ஜெட் உரையில் ஒரு வரி வந்தது. அந்த ஆண்டு ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு மொத்தமாக ஒதுக்கப்பட்டது 21,960 கோடி ரூபாய்.

இந்தத் தொகைக்கு அருகே இன்னொரு தொகையை வைத்துப் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரி குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்படுவதாக அரசே கூறியது. பெருமுதலாளிகளுக்கு ஒரே அறிவிப்பில் விட்டுக்கொடுத்த தொகை, நாட்டின் குழந்தைகளுக்கு ஓராண்டில் ஒதுக்கியதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். பணமில்லை என்ற வாதம் இங்கேயே செத்துவிடுகிறது.

பணம் இருக்கும் இடத்திலும் கொள்கை குறுக்கே நிற்கிறது. குழந்தைக்கு எளிதில் கிடைக்கும் தரமான புரதம் முட்டை. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பாஜக முதல்வர் சிவராஜ் சிங் சவுகான், அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை நிராகரித்தார். பழங்குடிக் குழந்தையின் தட்டில் ஆதிக்க சாதியின் சமையல் விதியைத் திணிப்பதற்குப் பெயர் பண்பாடு என்றால், அந்தப் பண்பாடு குழந்தையின் எலும்பை உருக்கி வளர்வது.

திரிணாமூல் ஆட்சியும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. ஒன்றிய அரசு வஞ்சிக்கிறது என்று அது கூறியதில் உண்மை உண்டு. ஆனால் 2025இல் அதே அரசு, துர்கா பூஜைக் குழுக்களுக்குத் தலா 1,10,000 ரூபாய் வழங்கியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். 440 கோடி ரூபாய்க்கும் மேல். ஏறத்தாழ 1.19 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ள மாநிலத்தில் எதற்கு முன்னுரிமை தரப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தாய் மீது பழி

குழந்தை அடம்பிடிக்கிறது, எதிலும் மனம் ஊன்றுவதில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால் வளர்ப்பு சரியில்லை என்று தாயைச் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. கை கழுவுவது, பலவகை உணவு ஊட்டுவது, குழந்தையோடு பேசி விளையாடுவது பற்றிய சுவரொட்டிகள் எங்கும் தொங்குகின்றன. சொல்லப்படும் அறிவுரை தவறில்லை. அதைப் பின்பற்றத் தேவையான நேரமும் கூலியும் யாரிடம் இருக்கின்றன என்பதே கேள்வி.

ஹவுரா மாவட்டத்தின் சாங்க்ரைல், பாஞ்ச்லா வட்டாரங்களில் ஜரிகை வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. முடித்த உருப்படிக்கே கூலி. ஊசியைக் கீழே வைத்து ஒரு மணி நேரம் குழந்தைக்கு ஊட்டினால் அந்த ஒரு மணி நேரக் கூலி போயிற்று. அப்படிப்பட்ட தாயிடம் பொறுமையாக ஊட்டும் கலையைப் போதிப்பது, கூலியைத் திருடிவிட்டுச் சிக்கனம் போதிப்பதற்கு ஒப்பானது. இரும்புச்சத்துக் குறைபாடு குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கவனத்தையும் பாதிக்கிறது என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. பசியால் அழும் குழந்தையின் நடத்தையில் கோளாறு இல்லை. அது அழுவதைக் கோளாறு என்று பெயரிடும் அமைப்பில்தான் கோளாறு இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்குக் குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேறு உதவியை உறுதி செய்தது. மோடி அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு அதை 5,000 ஆகக் குறைத்தது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே 6,000 என்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூறியது. சாந்த்ராகாச்சியில் ரயிலேறி சென்னையின் கட்டடங்களில் செங்கல் சுமக்கும் தாய்க்கு அந்தக் காப்பகம் காகிதத்திலேயே இருக்கிறது. இடம்பெயர்வோர் செல்லும் ஊரிலும் பயன்பெறலாம் என்கிறது அரசு. நகர்ப்புறத்துத் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அங்கன்வாடி இருந்தால்தானே அந்த வசதிக்குப் பொருள்?

ஊழியர் இல்லாமல் குழந்தை இல்லை

ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியின் 85 சதவீதத்துக்கும் மேல் நிறைவடைகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எழுதியது. அந்த வயதுக் குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பவர் அங்கன்வாடி ஊழியர். அவருக்கு ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய்; உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசின் பங்கும் சேர்ந்து, 2024 உயர்வுக்குப் பின் வங்கத்தில் ஊழியர் பெற்றது 9,000 ரூபாய். சமையல், பாடம், எடை பார்த்தல், வீடு வீடாகச் செல்லுதல், செயலியில் பதிவு என வேலைகள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன.

இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இவர்கள் பணிக்கொடை பெற உரிமையுள்ளவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. ஆனாலும் இன்றுவரை அரசின் சொல்லகராதியில் அவர்கள் மதிப்பூதியம் பெறும் தொண்டர்கள்தான். ஊழியரின் சம்பளப் போராட்டமும் குழந்தையின் உணவுப் போராட்டமும் வேறுவேறு என்று நினைப்பது பிழை. வயிறு காய்ந்த ஊழியரைக் கொண்டு குழந்தையின் வயிற்றை நிரப்பும் வித்தை எந்த அரசுக்கும் தெரியாது.

போராடிப் பெற்றதைப் போராடிக் காப்போம்

வங்கப் பஞ்சத்தின்போது, 1943 மார்ச் 17 அன்று, ஏறத்தாழ 5,000 பெண்கள் உணவு கேட்டுக் கொல்கத்தாவில் சட்டமன்றத்தை நோக்கி அணிவகுத்தனர். மணிகுந்தலா சென், ரேணு சக்ரவர்த்தி போன்ற கம்யூனிஸ்ட் பெண்கள் வளர்த்த மகிளா ஆத்ம ரக்ஷா சமிதி கஞ்சித் தொட்டிகளையும் குழந்தைகளுக்கான பால் மையங்களையும் நடத்தியது. நிவாரணத்தோடு அது நின்றுவிடவில்லை. பதுக்கலுக்கு எதிராகவும் ரேஷன் கேட்டும் போராடியது. குழந்தைகள் காப்பகத்தையும் பொதுச் சமையற்கூடத்தையும் 1919இலேயே கம்யூனிசத்தின் முளைகள் என்று கண்டார் லெனின். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதை எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கச் சொன்ன 2001, 2006ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்ற ஆணைகள் உணவு உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில் கிடைத்தவை. தானாக எதுவும் வரவில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. உணவுத் தொகை விலைவாசியோடு இணைக்கப்பட்டு உயர வேண்டும். எல்லா மாநிலங்களிலும் முட்டையும் பாலும் வேண்டும். முகப்பதிவுக் கட்டாயம் நீங்க வேண்டும். உழைக்கும் பெண்களின் குடியிருப்புகளிலும் கட்டுமான இடங்களிலும் முழுநாள் காப்பகம் வேண்டும். ஊழியரும் உதவியாளரும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். தமிழகத்தின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எட்டியது. அதே தரமான காலை உணவு அங்கன்வாடிக் குழந்தைக்கும் உறுதியாக வேண்டும்.

இவற்றை மாநாட்டுத் தீர்மானமாக நிறைவேற்றி வைத்துவிட்டால் போதாது. கட்சிக் கிளை ஒவ்வொன்றும் தன் பகுதி அங்கன்வாடியின் வாசலுக்குச் செல்ல வேண்டும். அரிசி வருகிறதா, முட்டை வருகிறதா, ஊழியர் இடம் காலியாக உள்ளதா, பக்கத்துக் கட்டுமானக் கொட்டகையில் இருக்கும் வங்கத்து, ஒடிசாக் குழந்தை பதிவேட்டில் உள்ளதா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் தாய்மார்களைத் திரட்ட வேண்டும். சாந்த்ராகாச்சியில் ரயிலேறிய தாயும் சென்னையில் அவளுக்குப் பக்கத்தில் சித்தாள் வேலை செய்யும் தமிழ்த் தாயும் ஒரே கோரிக்கைக்காகக் கைகோக்கும் இடத்தில்தான், அளவெடுத்தே காலம் கடத்தும் ஆட்சியாளர்கள் சோறு போட நிர்ப்பந்திக்கப்படுவார்கள்.