மேட்டை அகற்றினால் கிணறு தெளியுமா?

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1976 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு இவை இன்றியமையாதவை. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. சுமார் 1.5 லட்சம் டன் கழிவு மட்டும் திறந்த வெளியில் மேடாகக் கிடந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் மழைதோறும் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, சுற்றுப்புறத்துக் கிணறுகளைக் கெடுத்தது.

சுத்தம் செய்வது என்றாலே மேட்டை அகற்றுவது அல்லது மூடுவது என்றே அரசுத் துறையினர் பேசுகின்றனர். அது அவசியமே. ஆனால் எருக்குழியை அறிந்த உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: எருவை வண்டியில் ஏற்றிவிட்டாலும் அடியில் ஊறிய சாறு அங்கேதான் இருக்கும்.

குரோமியம் இரு வடிவில் உள்ளது. மூன்று இணைதிறன் கொண்டது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், அதிகம் நகராது. ஆறு இணைதிறன் கொண்டது நீரில் கரைந்து, பாறை வெடிப்புகளின் வழியே ஓடும், புற்றுநோய் உண்டாக்கவல்லது. ஆகவேதான் ஒரு கிணறு நன்றாகவும் அடுத்த கிணறு கெட்டும் காணப்படுகிறது. பம்பு செட்டை இரவு பகலாக ஓட்டினால் நஞ்சு நீர் நம் கிணற்றை நோக்கி இழுபடவும் கூடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரும்பு வெளுத்தால் நாம் தெளிக்கிறோமே, அதே அன்னபேதி உப்பு ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றிப் படிய வைக்கும். மேட்டுக்குக் கீழ்ச்சரிவில் கிணறுகள் தோண்டி, நீரை இறைத்து, இம்முறையில் சுத்திகரிக்க வேண்டும். பல ஆண்டு வேலை இது. ஒரே டெண்டரில் முடிகிற காரியமன்று. தொழுவுரத்துக்கும் இம்மாற்றத்தைச் செய்யும் தன்மை உண்டு; எனினும் நாலு வண்டி எருவால் நிலத்தடி நீர் தெளிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆலையே மூடிக் கிடக்கையில் அப்பொறுப்பு அரசின் மேல்தான் விழுகிறது. கிணறு தெளியும் வரை பயிரிட இயலாத நிலத்துக்கு ஆண்டுதோறும் ஈடு தருவதையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பரிசோதனை முடிவுகளைக் கிணறு வாரியாக, தமிழில், ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமும் பாசன நீரில் 0.1 மில்லிகிராமும் குரோமியத்துக்கு உச்ச வரம்பு. இந்த அளவைத் தாண்டியும் நீர் தெளிவாகவே தோன்றும். கொதிக்க வைத்தாலும் குரோமியம் போகாது. பரிசோதனைக்கு நீர் எடுக்குமுன் பம்பைக் கால் மணி நேரம் ஓடவிடவும். சாதாரணப் பாசன நீர்ப் பரிசோதனையில் உப்பும் கார அமில நிலையும்தான் பார்ப்பார்கள். குரோமியமும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் தனியே எழுதிக் கொடுக்கவும்.